மொட்டை மிஸ்ஸின் தலையில் முடி முளைத்துவிட்டது

அன்புக்கும், அதைவிட அதிகமான கிண்டலுக்கும் உரிய மொட்டை மிஸ்ஸுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாது. செத்துப்போனால் எங்கே போவோம் என்று ஒருமுறை கேட்டதற்கு, "மொதல்ல இப்ப எங்க உக்காந்திருக்கன்னு பாரு மாப்ள" என்றீர்கள். பார்த்தேன். எறும்புப் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நாம் பேசவே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். நம் தெருக்காரர்கள் படித்தாலும் நம்பப் போவதில்லை.

முதலில் தலைப்புச் செய்தி. உங்கள் தலைக்கு முடி வந்துவிட்டது.

நல்ல நீளமான முடி. அள்ளிக் கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம் செதுக்கியிருக்கிறார்கள். மூக்குத்தி உண்டு. தோடு உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்புக் கல், ஆனால் சேலை மட்டும் நிஜப் பட்டு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாற்றுகிறார்கள். கையில் உங்கள் பிச்சைப் பாத்திரத்தையும் கல்லிலேயே செதுக்கி, அதற்குள் குங்குமம் கொட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு விரல் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். சோறும் குழம்பும் விழுந்த பாத்திரம் மிஸ் அது.

சுமனா என்ற உங்கள் துறவுப் பேருக்குப் பாலி மொழியில் மல்லிகை என்று அர்த்தம் என நீங்கள் சொன்ன அன்று, மதுரைக்காரிக்குப் பேரும் மல்லிகை, ஆனால் வைக்கத்தான் தலையில் இடமில்லை என்று நான் கிண்டல் செய்தேன். "மல்லிகை எதுக்கு மாப்ள மல்லிகை வைக்கணும்?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சிற்பி செதுக்கிவிட்டார்.

உங்களைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் முழிப்பார்கள். அவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நீங்கள் மதுரையில் சௌராஷ்டிர வீட்டில் பிறந்தவர். பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு வேலையை விட்டுவிட்டு புத்தகயாவுக்குப் போய், அங்கிருந்து இலங்கைக்குப் போய், சில வருடங்கள் படித்து, தலையை மழித்து, செம்மண் நிற ஆடையோடு பௌத்த பிக்குணியாகத் திரும்பி வந்தீர்கள். மதுரையில் உங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. தனியாக வருகிற பொம்பளை, அதிலும் மொட்டை, அதிலும் எந்தச் சாமியையும் கும்பிடாத மொட்டை. யார் கொடுப்பார்கள்?

கொடுத்தவர் எங்கள் ஊர் தங்கராசு மாமா. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டுவதற்கு அவர் போட்டிருந்த பழைய கொட்டகையைச் சும்மா கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. இனி அவரைப் பற்றி நான் என்ன சொன்னாலும், இதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீங்கள் வந்த புதிதில் ஊர் உங்களைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறதா? பொட்டு இல்லாமல் பூ இல்லாமல் நீங்கள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று, பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். நீங்கள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. "இருக்கட்டும், வெயில் காலம், தண்ணி நல்லதுதான்" என்றீர்கள்.

காலையில் பாத்திரத்தோடு தெருவில் வருவீர்கள். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நிற்பீர்கள். அம்மா தாயே என்று குரல் கொடுக்க மாட்டீர்கள். போட்டால் வாங்கிக்கொள்வீர்கள், போடாவிட்டால் அடுத்த வாசல். காசு வாங்க மாட்டீர்கள். உச்சிப் பொழுதுக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான். கேட்காமல் நிற்கிற பிச்சைக்காரரை அதற்கு முன் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது கை அரித்தது. சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கின ரப்பர் பல்லி ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சோற்றுக்கு மேல் படுக்க வைத்துப் பாத்திரத்தில் போட்டேன். நீங்கள் அலறுவீர்கள், தெரு சிரிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு டீச்சரிடம் என் கணக்கு தப்பாய்ப்போனது. குனிந்து பார்த்தீர்கள்.

"மாப்ள, இது சைவமா, அசைவமா?"

என் வகுப்பில் ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரையும் நான் மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் நான் கத்துவதைக் கேட்டு, அதை எடுத்து எனக்கே போட்டீர்கள். அன்றிலிருந்து, பெண் பிள்ளையான நான் உங்களுக்கு மாப்ள. பல்லியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். பாத்திரத்தில் விழுந்தது பாத்திரத்துக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுநாள் பார்த்தால் அது கொட்டகைச் சுவரில், தியானத்துக்கு உட்காருகிறவர்கள் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தது.

கெவுளி என்றாலும் பல்லிதானே, கவுளி கட்டுகிற கொட்டகைக்கு ஒரு கெவுளி வந்துவிட்டது என்றேன் நான். நீங்கள் ரசித்தீர்கள். அசையாமல் உட்காரக் கற்றுக்கொடுக்கிற சாயந்திர வகுப்பில் யாராவது நெளிந்தால் உடனே சுவரைக் காட்டுவீர்கள். "அது எம்புட்டு நேரமா அசையாம இருக்கு பாரு. நம்ம வகுப்புல மொத மாணவி அதுதான்." நான் சேர்ந்ததே அந்தப் பல்லியிடமிருந்து முதலிடத்தைப் பிடுங்கத்தான். கடைசி வரை முடியவில்லை.

நிப்பானம் என்றால் என்ன என்று கேட்டேன். ஆசை அணைந்துபோவது என்றீர்கள். அப்படியென்றால் அதை நிப்பாட்டானம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். கொட்டகைக்கு முன்னால் போதி மரம் என்று நீங்கள் நட்ட அரசங்கன்றுக்குப் போதும் மரம் என்று பெயர் வைத்தேன். வேறு எந்த டீச்சராக இருந்தாலும் வெளியே நிற்க வைத்திருப்பார்கள். நீங்கள் அந்தப் பெயரையே அடுத்த வகுப்பில் எடுத்துப் பேசினீர்கள்.

அரசமரம் நட்டால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? கன்று இடுப்பு உயரம்கூட வரவில்லை, யாரோ அடியில் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் குதித்தேன். நீங்கள் பிள்ளையாரைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிவிட்டு, "அவரும் உக்காந்துதானே இருக்காரு. இருக்கட்டும்" என்றீர்கள்.

மிஸ், அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவையாவது?

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதமே அதற்குத்தான். கிண்டலெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

என் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். போனவர் அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டார். ஊருக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அம்மா தினமும் சாயந்திரம் மூன்று பேருக்கு ஆக்குவாள். எங்கள் இரண்டு தட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது தட்டு வைத்து, அதில் சோறு போட்டு மூடி வைப்பாள். ஜாக்கெட் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தால்கூடத் தெருப்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். பைக் சத்தம் கேட்டால் கால் மிதியில் நின்றுவிடும். அந்தச் சத்தம் கடந்து போன பிறகுதான் ஊசி மறுபடி ஓடும். அந்த ஊசி நிற்கிற சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன்.

காலையில் நீங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, அம்மாவிடம் போடுவதற்கு அந்த மூன்றாவது தட்டுச் சோறுதான் இருக்கும். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, பக்கத்தில் கொஞ்சம் வெங்காயம். தினமும் அதை உங்கள் பாத்திரத்தில் போடுவாள். தினமும் நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். இது யாருடைய சோறு என்று ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை. அவளாகவும் சொன்னதில்லை. என் அப்பாவுக்கு வைத்த சாப்பாட்டை அவ்வளவு காலமும் நீங்கள்தான் சாப்பிட்டீர்கள். பிறகு சாயந்திரங்களில் அம்மாவும் கொட்டகைக்கு வர ஆரம்பித்தாள். மூலையில் உட்காருவாள். முதலில் அழுதாள், பிறகு தூங்கினாள், பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஒருநாள் காலையில் நீங்கள் வந்து நின்றபோது, அம்மா வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"மிச்சம் இல்லீங்கம்மா. நேத்து எங்க ரெண்டு பேத்துக்குத்தான் ஆக்குனேன்."

நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். பிறகு காலிப் பாத்திரத்தைப் பார்த்தீர்கள். உங்களுக்கு யாரும் அதைவிடப் பெரிய சாப்பாடு போட்டதில்லை என்பது போல் ஒரு சிரிப்பு. அடுத்த வாசலுக்குப் போய்விட்டீர்கள். அம்மா உள்ளே போய் மிஷினைத் திருப்பிப் போட்டாள். தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தைத்தாள். பைக்குகள் போய்க்கொண்டே இருந்தன. ஊசி நிற்கவே இல்லை.

உங்களைப் பற்றி ஊரில் என்னென்னவோ பெருமை பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து நீங்கள் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். பிச்சைக்குப் போய்விட்டு வந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். அசையாமல் இருப்பதில் அன்றைக்குத்தான் பல்லியை ஜெயித்தீர்கள். இந்த ஜோக்கை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

சாம்பலை வைகையில் கரைத்துவிடு, ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் கொடிக்காலுக்கு உரமாகப் போட்டுவிடு என்று தங்கராசு மாமாவிடம் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவருக்கு மனசு வரவில்லை. நீங்கள் உட்காருகிற இடத்திலேயே குழி தோண்டிச் சாம்பலைப் புதைத்து, மேலே செங்கல் வைத்து மேடை கட்டினார். அழுதுகொண்டேதான் கட்டினார். அவர் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லாததால் நீ குறைந்துபோகவில்லை என்று அந்த அக்காவிடம் எத்தனை சாயந்திரம் பேசியிருப்பீர்கள். நீங்கள் போன அடுத்த மாதம் அந்த அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது.

அவ்வளவுதான் மிஸ். கதை முடிந்தது. மாமா மேடைக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்து, அம்மாதான் கொடுத்தது என்றார். அடுத்த வாரம், அதற்குள் ஆளுயரம் வளர்ந்திருந்த போதும் மரத்தில் தொட்டில் கட்டினார்கள். சூலம் வந்தது, உண்டியல் வந்தது, ஸ்பீக்கர் வந்தது. மொட்டையம்மன் கோயில் என்று பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் சொல்லிக் கூப்பிடுகிறார். உங்களைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கத் திரும்பிப் போனவர்கள்தான் இப்போது வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். கொட்டகையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. உட்கார இடமில்லை. எல்லாரும் நிற்கிறார்கள், கேட்கிறார்கள், போகிறார்கள். கேட்காமல் எங்கள் வாசலில் நின்றவர் நீங்கள். இப்போது ஊரே உங்கள் வாசலில் நின்று கேட்கிறது.

பல்லியைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுற்றிலும் ஜரிகைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். வேண்டுதல் பலிக்கும் என்றால் அது சத்தம் கொடுக்குமாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். அது நான் கடையில் வாங்கின பொம்மை, வயிற்றில் சீனாவில் செய்தது என்று அச்சடித்திருக்கும், எடுத்துப் பாருங்கள் என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னேன். எங்கள் எதிர்வீட்டுப் பேச்சியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சீனாவுல இருந்தா? அம்புட்டுத் தூரம் அம்மாவைத் தேடி வந்திருக்கு பாரு."

சொல்லுங்கள், இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? ஊரையே ஏமாற்றுவது எனக்குக் கை வந்த கலை. உண்மையைச் சொல்லி நம்ப வைப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பழக்கமில்லை.

சிலை வருகிறது என்று தெரிந்ததும் தங்கராசு மாமாவிடம் போனேன். கொடிக்காலில் அகத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மிஸ்ஸுக்கு முடியே கிடையாதே மாமா, நகை கிடையாதே, சாமியே கிடையாதே என்றேன். அவர் கோபப்படவில்லை. மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தார்.

"தெரியாமயா செய்யிறோம் கயலு? மொட்டையாச் செதுக்கி வெச்சா, சமணச் சாமின்னு எவனாச்சும் மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவான். அது போகட்டும். இருந்த வரைக்கும் அது ஒத்தைத் துணியோட மூளியாவே இருந்துருச்சு. இனிமேயாச்சும் நல்லா இருக்கட்டும்த்தா."

இருக்கட்டும். உங்கள் வார்த்தை மிஸ். உங்கள் வார்த்தையாலேயே என் வாயை அடைத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. உங்களை அழிக்கிறவர்கள் உங்கள் விரோதிகளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அத்தனை பேரும் உங்கள்மேல் பிரியமாக இருக்கிறார்கள். பிரியத்தை எப்படி எதிர்ப்பது?

இதற்கிடையில் அம்மா. முதலில் அவள் கோயில் பக்கமே போகவில்லை. சாயந்திரம் வீட்டிலேயே இரண்டு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தோம். நீங்கள் இல்லாமல் அது அமைதியாக இல்லை, வெறும் சத்தமில்லாத வீடாக இருந்தது. சில நாளில் அதுவும் நின்றுபோனது. தங்கராசு மாமா மகளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தபோது, அவளுக்கே கொடுத்தவர் எனக்குக் கொடுக்க மாட்டாரா என்று அம்மா ஒருநாள் மெல்லக் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. கத்தரிக்கோலைப் பார்த்துக் கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமை போய் மரத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாயந்திரம் உலையில் மூன்று பேருக்கு அரிசி போட்டாள். மிஷினைத் திரும்பவும் தெருப்பக்கம் திருப்பினாள்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். உங்களைப் பார்த்தவர்களுக்கு உங்கள் தலை மறந்துபோய்விட்டது, ஒரு மொட்டைத் தலையைக் காட்டினால் ஞாபகம் வரும் என்று எனக்குத் தோன்றியது. சிலைக்குப் பக்கத்தில் நான் மொட்டையாக, பூ இல்லாமல் பொட்டு இல்லாமல், கையில் காலிக் கிண்ணத்தோடு பேசாமல் நிற்பது. ஊர் என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்க்கும். ஐயோ, நாம் என்ன செய்துவிட்டோம் என்று யாருக்காவது உறைக்கும். முக்கியமாக அம்மாவுக்கு. நான் செய்ததிலேயே நல்ல சேட்டை இதுதான் என்று நினைத்தேன்.

சோழவந்தானில் ஒரு சலூனுக்குப் போனேன். இடுப்பு வரை முடியோடு ஒரு பெண் பிள்ளை வந்து நிற்பதைப் பார்த்து அந்த அண்ணன் தயங்கினார். பிறகு, "நேர்த்திக்கடனாம்மா?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டி, கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போய் நின்றேன். உங்கள் தலை மாதிரி என் தலை அழகான உருண்டை இல்லை மிஸ், பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. இருந்தாலும் நின்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பேச்சியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவுதான், விளங்கிவிட்டது, ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சேர்ந்து போட்டார்கள். மொட்டையம்மனுக்கு முதல் மொட்டை என்று மைக்கில் சொன்னார்கள். யாரோ என் தலையில் சந்தனத்தை அள்ளிப் பூசினார்கள். யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். என் காலிக் கிண்ணத்தில் குங்குமம் விழுந்தது. தங்கராசு மாமா என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார், நான் நகர்ந்துகொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சந்தனத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து என் தலையைத் தடவினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் காலிப் பாத்திரத்தோடு சிரித்த அன்றுகூட அவள் முகம் அப்படி இல்லை.

"அப்பா வரணும்னுதானேடி நேந்துக்கிட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி கயலு. இனிக் கண்டிப்பா வந்துருவாருடி. எங்க போயிருவாரு?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. வகுப்பில் நீங்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் சும்மா இருப்பீர்கள், அந்தச் சும்மாவே எங்களுக்குப் போதுமானதாக இருக்கும். என் சும்மாவை அம்மா சம்மதமாக எடுத்துக்கொண்டாள். தலையில் சந்தனம் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்து மொட்டை போடுகிறார்கள். கயலு தொடங்கி வைத்தது என்கிறார்கள். உங்களை ஞாபகப்படுத்தப் போன நான் உங்கள் கோயிலுக்கு ஒரு வழக்கத்தையே உண்டாக்கிக் கொடுத்துவிட்டேன். பள்ளியில் பையன்கள் என்னைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள். திருப்பி ஏதாவது சொல்ல வேண்டும். வார்த்தை வரவில்லை மிஸ். எனக்கு வார்த்தை வரவில்லை என்றால் நிலைமை எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா வரவில்லை. வர மாட்டார். அது எனக்குத் தெரியும், திருப்பூருக்குத் தெரியும். கொஞ்ச காலத்துக்கு முன்னால் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒருவர் எப்படி மறுபடி தெரியாமல் ஆக்கிக்கொள்ள முடியும்? நீங்கள் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதானா? நீங்கள் இருந்தால்தான் அது இருக்குமா? எல்லாம் மாறும் என்று சொன்னீர்களே, நீங்கள் மாற்றினதும் மாறிவிடும் என்பதை மட்டும் ஏன் அழுத்திச் சொல்லவில்லை?

கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

நான் உங்களிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. பொதுத்தேர்வு வருகிறது, கேட்க மாட்டேன். அம்மாவுக்காகக்கூடக் கேட்க மாட்டேன், வாய் வரை வருகிறது, கேட்க மாட்டேன். இந்த ஊரில் கேட்காத ஒரு ஆளாவது இருந்தால், அந்த ஒரு ஆளுக்காவது நீங்கள் மிஸ்ஸாகவே இருப்பீர்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். நேற்றுக் காலையில் ஆரம்பித்துவிட்டேன். எழுந்து, பல் தேய்த்து, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னடி பிச்சைக்காரி மாதிரி நிக்கிற?" என்றாள். சொன்ன பிறகுதான் என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு மூடி வைத்திருந்த மூன்றாவது தட்டைத் திறந்து, தண்ணீர் ஊற்றின சோற்றைப் பிழிந்து எனக்குப் போட்டாள். பக்கத்தில் கொஞ்சம் வெங்காயம் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயந்திரம் மறுபடியும் மூன்று பேருக்குத்தான் ஆக்கினாள். இன்று காலையிலும் நின்றேன். இன்றும் சோறு இருந்தது.

நாளையும் நிற்பேன் மிஸ். முடி வளர்ந்த பிறகும் நிற்பேன். அப்பாவுக்கு வைத்த சோற்றை, அவருடையது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தினமும் நானே சாப்பிடுவேன். மிச்சம் இல்லடி என்று அம்மா சொல்கிற காலை இன்னொரு முறை வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது, எனக்கு இல்லை. பழைய சோறும் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் நிற்பேன். இது சத்தியம். உங்கள்மேல் அல்ல, உங்கள்மேல் சத்தியம் செய்ய வெளியே ஒரு வரிசையே நிற்கிறது. அந்தக் காலித் தட்டின்மேல்.

யாருக்கும் அம்மாவாகவோ அக்காவாகவோ அத்தையாகவோ இருக்க மாட்டேன் என்று சொந்தங்களையும் சேர்த்து மழித்துக்கொண்டவர் நீங்கள். அப்படிப்பட்ட வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு உறவுமுறைதான். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாப்ள,
கயல்